நூல் கட்டிய இரண்டு புட்டிகள்

தாண்டவராயனுக்குப் பாம்பென்றால் பயமில்லை, போலீஸ் என்றால் பயமில்லை, முதலாளி சக்கரபாணி போடும் கூச்சலுக்குக்கூட அவ்வளவாகப் பயமில்லை. அவனுடைய பயமெல்லாம் ஒரே ஒரு கேள்வியிடம்தான். யாராவது எதையாவது தூக்கிக் காட்டி, "இது என்னா கலரு?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தது. முப்பத்தேழு வயதாகி, காதோரம் நரைக்கத் தொடங்கியும் இந்தப் பயம் அவனை விட்டபாடில்லை. இதில் வேடிக்கையைக் கேளுங்கள்: மனிதன் பிழைத்ததே படங்களுக்குக் கலர் போட்டுத்தான்.

திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மாடியில் சக்கரபாணியின் ஸ்டூடியோ இருந்தது. முதலாளி படம் பிடிப்பார். பிலிம் கழுவுவது, பெரிதாக்குவது, நெகட்டிவில் தெரியும் மருவையும் அம்மைத் தழும்பையும் பிளேடால் சுரண்டுவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் கலர் ஏற்றுவது எல்லாம் தாண்டவராயன். டச்சப்பில் அவனை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று ஊரே சொல்லும். ஊர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவன் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவான்.

காரணம் இதுதான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. மஞ்சள் தெரியும், நீலம் தெரியும். மிளகாய்ப்பழத்தையும் மிளகாய்க்காயையும் ஒரே கூடையில் கொட்டிவிட்டால் கடித்துத்தான் பார்க்க வேண்டும். இதை அவன் கண்டுகொண்டது பத்தொன்பதாவது வயதில். அப்பா மண்ணாங்கட்டி விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். மகனையும் ரயில்வேயில் நுழைத்துவிட வேண்டுமென்று எழுத்துப் பரீட்சை எல்லாம் எழுதவைத்து, வைத்தியப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கே டாக்டர் புள்ளிப் புள்ளியாக ஒரு புத்தகத்தைப் பிரித்து, "என்ன நம்பர்?" என்றார். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "எழுபது" என்றான். அது இருபத்தொன்பதாம். டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை, எதையோ எழுதி மூடிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். வீட்டில் வந்து, மார்பளவு ஓர் அங்குலம் குறைகிறதாம் என்று ஒரு புளுகு புளுகினான். பாவம் அந்த மனிதர், மகனுக்கு மார்பு விரியட்டும் என்று ஒரு வருஷம் தினமும் இரண்டு முட்டை வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் எப்படிப் பதினைந்து வருஷம் கலர் போட்டான் என்று கேட்பீர்கள். அங்கேதான் தொழிலின் வழக்கம் அவனைக் காப்பாற்றியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவை என்ன நிறம் என்று எந்தக் கொம்பனுக்குத் தெரியும்? கலர் போடுகிறவன் எவனாயிருந்தாலும் கேட்டே தீரவேண்டும். தாண்டவராயனும் கேட்பான். "பொடவ என்னா கலரும்மா? கரை? தோட்டுல கல்லு செவப்பா, வெள்ளையா?" சொல்லச் சொல்ல, படத்தின் முதுகில் பென்சிலால் எழுதிக்கொள்வான். எழுதியதைப் படித்துப் புட்டியைத் திறந்தால் தீர்ந்தது. புட்டிகள் பன்னிரண்டு, மரத் தட்டில் வரிசையாக நிற்கும். லேபிள்கள் எப்போதோ உரிந்து விழுந்துவிட்டன. எது எங்கே நிற்கிறது என்பது அவன் கைக்குத் தெரியும். இருந்தாலும் சந்தேகப் பிராணி, சிவப்புப் புட்டியின் கழுத்தில் ஒரு சுற்று நூலும் பச்சைப் புட்டிக்கு இரண்டு சுற்று நூலும் கட்டி வைத்திருந்தான். மூடி லூசாம், அதற்காகக் கட்டியதாம். கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொல்வான்.

பெண்டாட்டி அம்சாவுக்குக்கூடத் தெரியாது. ஜவுளிக்கடையில் "ஒனக்குப் புடிச்சத எடு" என்று ஒதுங்கி நிற்கும் புருஷனைத் தங்கமான மனுஷன் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கமாவது! சிவப்பு எது பச்சை எது என்று தெரியாத ஆள் வேறென்ன செய்வான்? வெளியே தெரிந்தால் வேலை போகும், அது ஒரு பக்கம். அவன் கலர் போட்ட படம் சுற்றியுள்ள முப்பது கிராமத்துச் சுவர்களில் தொங்குகிறது. செத்துப்போனவர்கள், கல்யாண ஜோடிகள், முதல் மொட்டை போட்ட பிள்ளைகள். அத்தனை பேரும் சுவரை அண்ணாந்து பார்த்து, எங்கம்மா புடவை இந்த நிறந்தானா என்று சந்தேகப்படுவார்களே! அதை நினைத்தால்தான் அவனுக்கு ஈரக்குலை நடுங்கும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். இருதயராஜ் சார் வந்து கெடுத்தார்.

இருதயராஜ் முகையூரில் சயின்ஸ் வாத்தியார். கண்ணாடியை மாதக்கணக்கில் கையால் தேய்த்து, தானே ஒரு டெலஸ்கோப் செய்தவர். வால்நட்சத்திரம் வருகிறது என்று எண்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது, இவர் கேமராவை அந்தக் குழாயில் பொருத்தி வேறொன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நட்சத்திரம் நகர நகர ஒரு திருகாணியைக் கையாலேயே சுற்றிக்கொண்டு பத்து நிமிஷம் பிடித்த படமாம். ஓரியன் நெபுலா என்றார். வானத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கிறதே, அதற்குக் கீழே இருக்கும் புகைமேகம்.

தாண்டவராயன் பிலிமைக் கழுவி விளக்கில் பிடித்தான். மேகத்தின்மேல் கறுப்புப் புள்ளிகள். கை தன்னால் பிளேடை எடுத்து இரண்டைச் சுரண்டிவிட்டது.

"என்ன பண்றீங்க?" என்று சார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தூசு சார். மூஞ்சி சுத்தமா இருக்க வேணாமா?"

"அது நட்சத்திரம்யா. ரெண்ட அழிச்சிட்டீங்க."

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் வேலை என்று இறங்கினால் அவன் கெட்டிக்காரன். பெரிதாக்கிய முதல் தாளில் மேகத்தின் நடுப்பகுதி வெளிச்சம் கொட்டி ஒரே வெள்ளையாக இருந்தது. ஓரமோ இருட்டில் முங்கிக் கிடந்தது. அட்டையில் சிறு துளை போட்டு, பெரிதாக்கும் மெஷின் வெளிச்சத்தை நடுப்பகுதிக்கு மட்டும் கூடுதலாகக் காட்டினான். கம்பியில் ஒட்டிய காகிதத் துண்டை ஆட்டி ஆட்டி ஓரத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்தான். கறுத்த மணப்பெண்ணையெல்லாம் சிவத்த பெண்ணாக்க அவன் பிடித்த அதே காகிதத் துண்டுதான். நாலாவது தாளில் நடுவே இருந்த நட்சத்திரங்களும் வந்தன, ஓரத்துச் சிறகும் வந்தது. மேகத்துக்குள் கறுப்பாக ஒரு வெட்டு நுழைந்திருந்ததை நிரப்பிவிடலாமா என்று கேட்டான். அது வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கிற தூசு, அப்படியேதான் இருக்க வேண்டும், அழகு பண்ண இது கல்யாணப் பெண் இல்லை என்று சார் சொல்லிவிட்டார்.

அதோடு போயிருக்கலாம். மனிதர் பையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்தார். அதே நெபுலா, கலரில், இரண்டு பக்கத்துக்கு.

"விழுப்புரத்துல பொங்கல் கழிச்சு ஜில்லா சயின்ஸ் கண்காட்சி. இது பெரிய சைஸ்ல, கலரோட வேணும் தாண்டவராயன். இத பாத்து அப்படியே போடுங்க."

"எங்க எங்க என்னா கலருன்னு சொல்லிட்டீங்கன்னா எழுதிக்கிறேன் சார்."

"எதுக்கு எழுதறது? அதான் படமே இருக்கே. பாத்துப் போட வேண்டியதுதான?"

பாத்துப் போடவேண்டியதுதானாம்! பதினைந்து வருஷத்தில் அவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை. சார் படி இறங்கிப் போன பிறகும் அவன் அந்தப் பத்திரிகையைப் பிடித்தபடியே நின்றான். அவன் கண்ணுக்கு அது சேற்றுத் தண்ணீரில் எண்ணெய் ஊற்றியதுபோல இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்சா, வயிறு சரியில்லையா என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தான், பாவி.

மூன்றாம் நாள் வழி தானாக வந்தது. வளவனூரில் கட்டிக்கொடுத்து, புருஷன் செத்தபின் திண்டிவனத்துக்கே அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட வீரம்மாள் மாடி ஏறி வந்தாள். இருபது வருஷத்துக்கு முன் அவளும் புருஷனும் இதே ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம். நெகட்டிவ் இருந்தது. பெரிதாக்கிக் கலர் போட வேண்டுமாம். புருஷன் போன ஐப்பசியில் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கும்போது பாம்பு கடித்துப் போய்விட்டார்.

"பொடவ என்னாம்மா?"

"மாம்பழ மஞ்சா. கரை நீலம்." தன் வெறும் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். "பொட்ட மட்டும் நல்லா செவப்பா வையி தம்பி. இனிமே அது அங்கதான இருக்கப் போவுது."

எழுதிக்கொண்டான். எழுதும்போதே அந்தத் தந்திரம் தோன்றியது. பத்திரிகையை விரித்து அவள் முன்னால் தள்ளினான். "ஒரு வாத்தியாரு குடுத்தாரும்மா. ஒங்க கண்ணுக்கு இது என்னென்னா கலராத் தெரியுது, சொல்லுங்க பாப்போம்."

வீரம்மாள் குனிந்து பார்த்தாள். "நடுவுல எலுமிச்சம்பழம் மாதிரி வெளுத்த மஞ்சா. அத சுத்தி ரோசு. அதுக்கு வெளிய ரத்தம் மாதிரி செவப்பு. இந்த ஓரத்துல கொஞ்சம் நீலம். என்னாப்பா இது, பாக்கவே பயமா இருக்குது?"

"மேகம்மா."

பெரிய படத்தின் முதுகில் எல்லாவற்றையும் வட்டம் வட்டமாகப் பிரித்து எழுதிக்கொண்டான். அன்றைக்கு ராத்திரிதான் நன்றாகத் தூங்கினான். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான், முட்டாள்.

போகி வந்தது. ஸ்டூடியோவைக் கூட்டிப் பெருக்கும் சின்னபொண்ணு வழக்கம்போல எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி ஏற்றினாள். பொங்கல் விடுமுறையில் முதலாளி ஊருக்குப் போக, தாண்டவராயன் தனியாக ஸ்டூடியோவைத் திறந்து உட்கார்ந்து இரண்டு படத்தையும் முடித்தான். புட்டிகள் பளபளவென்று வரிசையாக நின்றன. நூல் இல்லையே என்று நினைத்தான்தான். ஆனால் வரிசை இருந்தது, கை பழகியிருந்தது, கண்காட்சிக்கு நாளும் இல்லை. ஐந்தாவது சிவப்பு, ஆறாவது பச்சை. மேகத்துக்கு ஐந்தாவது புட்டியிலிருந்து மூன்று பூச்சுப் பூசினான். வீரம்மாள் நெற்றியில் அதே புட்டியால் ஒரு பொட்டு. உதடுகளுக்கு அதையே தண்ணீர் விட்டு இளக்கி ஒரு தடவல். சனிக்கிழமை நெபுலாவை அட்டை வைத்துக் கட்டி, விழுப்புரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினான். சார் அங்கே பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலையில் வீரம்மாள் வந்தாள். படத்தைக் கையில் வாங்கினாள். முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பார்த்து, சந்தோஷம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"ஒனக்கு யாரு சொன்னது?" என்றாள்.

"என்னாதும்மா?"

"பாம்பு கடிச்சி தூக்கியாந்தப்ப அவுரு ஒதடு இப்பிடித்தான் இருந்துச்சி. பச்சையா." விரலை மேலே நகர்த்தினாள். "என் பொட்டும் பச்சையா இருக்குது. செவப்பாத்தான தம்பி வெக்கச் சொன்னேன்?"

தாண்டவராயன் மேஜை விளக்கைப் போட்டான். படத்தை வாங்கிப் பார்த்தான். என்ன பார்த்து என்ன? அவன் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவனை உலுக்கியது.

"மருந்து மாறிப்போச்சும்மா. வேற போட்டு வெக்கிறேன். நாளைக்கு வாங்க," என்று எப்படியோ சொன்னான். அவள் போனதும் சின்னபொண்ணைத் தேடி ஓடினான். அவள் பின்பக்கம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"புட்டி கழுத்துல நூலு கட்டியிருந்தனே?"

"அழுக்கு நூலுண்ணே. அறுத்துக் கடாசிட்டேன். வரிசையாத்தான வெச்சேன்?"

வரிசையாகத்தான் வைத்திருக்கிறாள், மகராசி. ஐந்தும் ஆறும் இடம் மாறியதில் அவளுக்கு என்ன தெரியும்? அப்போதுதான் அவனுக்கு அந்த இன்னொரு படம் நினைவுக்கு வந்தது. ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய மேகம் பச்சையாகப் போய்விட்டது. இந்நேரம் விழுப்புரத்தில், ஜில்லாவே கூடுகிற இடத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே அட்டையில் ஸ்டூடியோ பேர் இருக்கும். சார் வேறு நல்ல மனது பண்ணி, வண்ணம் தாண்டவராயன் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தார்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். விக்கிரவாண்டி தாண்டும்வரை என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தான். மருந்து பழசு என்று சொல்லலாம். வெயில் பட்டு நிறம் மாறிவிட்டது என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும், "சரி, இந்தப் படத்தையும் அந்தப் படத்தையும் பக்கத்துல வெச்சிப் பாத்தப்ப தெரியலையா?" என்று ஒருவன் கேட்டால் போதும். விழுப்புரத்துக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. சிக்னலின் கை இறங்கியிருந்தது, வண்டி வரப்போகிறது என்று தெரிந்துகொண்டான். கையைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரியும், விளக்கைப் பார்த்து அல்ல. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இன்றைக்கு அவருக்கும் அந்த முட்டைகளின் உண்மை தெரிந்துபோயிருக்கும் என்று தோன்றியது. நல்ல வேளை, போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அப்பாவின் சாவுக்குச் சந்தோஷப்பட்டான். பயம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சார் வருமுன் படத்தை இறக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே சுவரில் படம் தொங்கியது. முன்னால் கும்பல். நடுவே இருதயராஜ் சார், அவருக்கு எதிரே பரிசுக்குத் தேர்வு செய்யும் பேராசிரியர், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"எல்லாப் புஸ்தகத்துலயும் சிவப்பு," என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். "இங்க மட்டும் என்ன பச்சை?"

தாண்டவராயன் தூணோடு ஒட்டிக்கொண்டான். சட்டை முதுகில் நனைந்துவிட்டது. அதோ வந்துவிட்டது அந்தக் கேள்வி, ரயில்வே டாக்டரிடம் போய்ப் பதினெட்டு வருஷம் கழித்து, நூறு பேர் முன்னிலையில்.

"சிவப்பு பிலிம் பாக்கற கலருங்க சார்," என்றார் இருதயராஜ், குரலில் சிறிதும் தடுமாற்றம் இல்லாமல். "டெலஸ்கோப்புல கண்ண வெச்சுப் பாத்தா பச்சையாத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியறதப் போடலாம்னு முடிவு பண்ணோம்."

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தின் அருகில் போனார். "ஆமாம். பெரிய டெலஸ்கோப்புல அப்படித்தான் சொல்றாங்க. இத யோசிச்சவர் லேசுப்பட்டவர் இல்ல. போட்டது யாரு?"

சார் திரும்பினார். தூணருகே நின்றவனை அவர் கண் பிடித்துவிட்டது. "அவருதாங்க."

கும்பல் வழிவிட்டது. தாண்டவராயன் எப்படி முன்னால் வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நீங்க டெலஸ்கோப்புல பாத்தீங்களா?"

"பாத்தேங்க," என்றான். "பாத்துத்தாங்க போட்டேன்."

பேராசிரியர் அவன் தோளைத் தட்டினார். கும்பலில் இரண்டு பேர் கை தட்டினார்கள். அவன் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டான்.

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். சார் டீக்கடை வாசலில் நின்று டீ சொன்னார். "ஒங்களுக்குச் செவப்பு தெரியாது, இல்ல?"

தாண்டவராயன் டீக்குக் காசு எடுப்பதுபோலச் சட்டைப் பையைத் தடவினான்.

"சனிக்கிழம அட்டையப் பிரிச்சப்பவே புரிஞ்சுபோச்சு. சயின்ஸ் வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா? மாட்டலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்."

"ஆனா நெசமாவே பச்சையாத் தெரியும்னு சொன்னீங்களே சார்."

"பெரிய டெலஸ்கோப்புல. புஸ்தகத்துல படிச்சது. என் குழாய்ல எனக்கு ஒரு நாளும் பச்சை தெரிஞ்சதில்ல. வெறும் சாம்பல். இருட்டுல மங்கலாத் தெரியறதுல யார் கண்ணும் கலர் பாக்காது, தாண்டவராயன். பிலிமுக்கு ஒண்ணு தெரியுது, கண்ணுக்கு ஒண்ணு. எதப் போடறதுன்னு யாரோ ஒருத்தர் முடிவு பண்றாங்க. அதனால வானத்துக்கு நான் சாக்கு சொல்லிட்டேன். யாரும் நம்மள வந்து கேக்கப் போறதில்ல."

இதைக் கேட்டு அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீரம்மாள் பொட்டைப் பற்றி, அந்த உதட்டைப் பற்றி, நடுரோட்டில் நின்றபடி அவரிடம் சொன்னான். பிறவி எடுத்து முதல் தடவையாக இன்னொரு ஆளிடம் சொல்கிறான்.

சார் டீயைக் குடித்து முடித்தார். "அதுக்கு என்கிட்ட சாக்கு இல்லையே," என்றார்.

மறுநாள் காலையில் தாண்டவராயன் அந்தப் படத்தைப் புதிதாகப் போட்டான். புடவைக்கு மஞ்சள், கரைக்கு நீலம். அவை இரண்டும் அவன் கண்ணுக்குத் தெரிந்தவை. உதடும் பொட்டும் இருக்கிற இடத்தை வெறுமனே விட்டான். ஐந்தாவது புட்டியையும் ஆறாவது புட்டியையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாறிவிட்டது என்று தெரியும், ஆறாவதை எடுத்தால் ஆயிற்று. ஆனால் சின்னபொண்ணு இரண்டைத்தான் மாற்றினாளா, மூன்றை மாற்றினாளா? நாலாவது என்ன? பழுப்பா? அதுவும் அவன் கண்ணுக்கு ஏறக்குறைய இதே நிறந்தான். சின்னபொண்ணையே கூப்பிட்டு, வேறு பேச்சுப் பேசுவதுபோல நைசாகக் கேட்டுவிடலாம். இத்தனை வருஷம் அப்படித்தானே ஓட்டினான். அவளைக் கூப்பிடக்கூடச் செய்தான். வந்து நின்றவளிடம், "ஒண்ணுமில்ல, போ," என்றான்.

வீரம்மாள் வந்தபோது முன்னறையில் சக்கரபாணி ரசீது எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். இங்கே பேசினால் அங்கே கேட்கும். தாண்டவராயனுக்கு அது நன்றாகத் தெரியும். உள்ளங்கை வியர்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டான். படத்தை அவள் முன்னால் வைத்தான். பக்கத்தில் மூன்று புட்டிகளை வைத்தான்.

"இதுல செவப்பு எதும்மா?"

வீரம்மாள் அவனைப் பார்த்தாள். கேலி பண்ணுகிறான் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் பேனா நின்றுவிட்டது.

"ஒனக்குத் தெரியாதா?" என்றாள் மெதுவாக.

"தெரியாதும்மா. பச்சையும் அதுவும் எனக்கு ஒண்ணுதான்."

"எத்தினி வருஷமா?"

"பொறந்ததுலேருந்து."

அவள் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "எங்கண்ணன் மவன் சீனுவாசன் கல்யாணப் படம் நீதான போட்ட? அந்தப் பொண்ணு பொடவ கிளிப்பச்ச."

"நீங்க சொன்னதத்தாம்மா எழுதிக்கினு போட்டேன். சரியா வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

முன்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சக்கரபாணி எழுந்து நிற்கிறார். திரையைத் தள்ளிக்கொண்டு வரப்போகிறார் என்று தாண்டவராயன் காத்திருந்தான். பதினைந்து வருஷம் இந்த நிமிஷத்துக்குப் பயந்து பயந்து, அது வந்தபோது புட்டிகள் முன்னாலேயே நின்றான். திரை அசையவில்லை.

வீரம்மாள் விரலை நீட்டி ஒரு புட்டியைத் தொட்டாள். "இது."

அவன் திறந்தான். குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்து, தண்ணீர் விட்டு இளக்கி, அந்த மனிதருடைய உதட்டில் லேசாக ஓட்டினான், அவளுடைய உதட்டில் ஓட்டினான். பிறகு கெட்டியாகத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெற்றியின் நடுவில் ஒரு பொட்டு வைத்தான். அவன் கண்ணுக்கு முதலில் வைத்த பொட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"செவப்பா இருக்குதாம்மா?"

வீரம்மாள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் எதற்காக வந்தது என்று அவனால் கேட்க முடியவில்லை.

"இருக்குது தம்பி," என்றாள்.

அவள் சொன்னதை அவன் நம்பினான். நம்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழியும் இல்லை.